கிரிக் முதல் பெத்தோங் வரை: எல்லை மலையின் இனங்களையும் மொழிகளையும் வரைபடமாக்குவது எப்படி?

தோட்டத்து_டீச்சர் (சுங்கை சிப்புட்):

வணக்கம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை வைத்து ஒரு கண்காட்சிக்குத் தயார் செய்கிறோம். கோலகங்சாருக்கு வடக்கே லெங்கோங், கிரிக், பெங்காலான் ஹுலு, அப்படியே தாய்லாந்து எல்லை தாண்டி பெத்தோங் வரைக்கும் அந்த மலைப்பகுதியில் யார் யார் வாழ்கிறார்கள், என்னென்ன மொழி பேசுகிறார்கள் என்று காட்ட வேண்டும். 4 அடிக்கு 6 அடி சுவர் வரைபடம் ஒன்று, பக்கத்தில் பட்டனைத் தட்டினால் சொற்கள் ஒலிக்கிற மாதிரி ஒரு பெட்டி.

ஓராங் அஸ்லி (தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகள்) பற்றி இப்போதைக்குக் கையில் இருப்பது ஜக்கோவாவின், அதாவது அரசாங்க ஓராங் அஸ்லி மேம்பாட்டு இலாகாவின், 18 இனப் பட்டியல்தான். நெகிரிட்டோ 6, செனோய் 6, புரோட்டோ மலாய் 6. இதை மூன்று வண்ணமாகத் தீட்டி, மலாய், சீன, இந்திய, சயாமிய மக்களுக்குத் தனி வண்ணம் கொடுத்துவிடலாமா? சொற்களை எப்படிச் சேகரிப்பது, பிள்ளைகள் செய்யக்கூடிய வேலையா? இன்னொன்று, ஓராங் அஸ்லி மொழிகளில் தமிழ்ச் சொற்கள் நிறைய இருப்பதாகவும் அதையும் ஒரு அட்டையில் போட வேண்டும் என்றும் பெற்றோர் ஒருவர் விடாமல் சொல்கிறார். அதில் உண்மை இருக்கிறதா?

---

உலு_பேரா:

டீச்சர், அந்த மூன்று வண்ணத்தை முதலில் கைவிடுங்கள். அது நிர்வாக வசதிக்காக வந்த பிரிவு. ஆட்களின் தோற்றம், வாழ்முறை இவற்றைப் பார்த்துப் பிரித்தது, மொழியைக் கேட்டுப் பிரித்ததல்ல. மொழி வரைபடத்தில் அதைப் போட்டால் பல இடங்களில் பிசகும். உங்கள் வட்டாரத்திலேயே உதாரணம் இருக்கிறது. லெங்கோங் பக்கம் கம்போங் ஆயர் பா மக்களை லானோ என்று நெகிரிட்டோ பிரிவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஓராங் அஸ்லி மொழிகளுக்கு (அஸ்லி மொழிகள்) வட, நடு, தென் என்று கிளைகள் உண்டு; அவர்கள் பேச்சு தெமியார், செமாய் இருக்கிற நடு அஸ்லி கிளையைச் சேர்ந்தது. பட்டியலின் மற்ற மூலைகளிலும் இதே கதைதான். பகாங்கின் செ வோங் 'செனோய்' என்று பதிவானவர்கள், பேசுவது ஜஹாய் இருக்கிற வட அஸ்லி கிளை. செமெலாய் 'புரோட்டோ மலாய்' என்று பதிவானவர்கள், மொழியோ தென் அஸ்லி.

அஸ்லி மொழிகள் மலாய் மொழியின் கிளைமொழிகள் அல்ல என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். பார்க்க வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வருவார்கள். இவை ஆஸ்ட்ரோ ஆசியக் குடும்பம். கெமர், வியட்நாமியம், மோன், இந்தியாவில் காசி, சந்தாலி, முண்டாரி எல்லாம் இதே குடும்பம். மலாய் ஆஸ்ட்ரோனேசியக் குடும்பம், தாய் மொழி இன்னொரு குடும்பம், சீனக் கிளைமொழிகள் வேறு, தமிழ் வேறு. ஐந்து மொழிக் குடும்பங்கள் ஒரே கிரிக் பட்டணத்துச் சந்தையில் நின்று காய் வாங்குகின்றன. உங்கள் வரைபடத்தின் சாரமே அதுதான் என்பேன்.

இனி ஊர் ஊராக. சுங்கை சிப்புட்டுக்குக் கிழக்கே பிளஸ் ஆற்று மேல்மலை, போஸ் கோலமூ, போஸ் லெகாப், போஸ் பியா இவையெல்லாம் தெமியார். 'போஸ்' என்ற பெயரைப் பிள்ளைகளுக்கு விளக்குங்கள். கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலத்தில், 1950களில், காட்டுக்குள் கட்டிய கோட்டைகளின் மிச்சம் அது. அவசரகாலத்துக்குக் காரணமான 1948 ஜூன் 16 தோட்ட நிர்வாகிகள் கொலைச் சம்பவத்தைப் படித்த சுங்கை சிப்புட் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். லெங்கோங்கைத் தாண்டினால் லானோ, அதோடு செம்னாம். ஜக்கோவா இரண்டையும் லானோ என்றே எழுதும், மொழி ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டுவார்கள். பெங்காலான் ஹுலு பக்கம் கம்போங் புக்கிட் ஆசுவில் கின்தாக். மேற்கே கெடா மாநிலம் பாலிங்கில் லூபோக் லெகோங்கில் கென்சியூ. இவர்களின் உறவுக்காரர்கள் எல்லைக்கு அப்பால் யாலா மாநிலத்தின் தான் தோ மாவட்டத்திலும் இருக்கிறார்கள். பெலும், தெமெங்கோர் ஏரிப் பக்கம் ஜஹாய்: சுங்கை தியாங், ஆர்.பி.எஸ். (மறுகுடியமர்த்தத் திட்ட ஊர்) பானுன். ஆர்.பி.எஸ். கெமார் பெரும்பாலும் தெமியார். கிழக்குமேற்கு நெடுஞ்சாலை வழியாக மலையைக் கடந்து கிளந்தான் ஜெலியில் இறங்கினால் சுங்கை ருவாலில் மறுபடியும் ஜஹாய்.

சுங்கை ருவாலில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே ஜஹாய் மொழியைப் பதிவு செய்யப் போன சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஊரின் ஒரு பகுதியில் பேச்சு வேறாக இருப்பதைக் கவனித்தார்கள். அதுவரை தனி மொழியாகப் பதிவே ஆகாத ஜெடெக் அது. 2018இல் செய்தியாக வந்தது, பேசுபவர்கள் 280 பேர் அளவில். மானிடவியலாளர்கள் பலர் ஏற்கனவே போய்வந்த ஊர்தான். ஊர் பெயரைக் கேட்டு மொழி பெயரை எழுதிக்கொள்கிற பழக்கத்தால் தப்பிப்போனது. அதனால் ஒரு ஊருக்கு ஒரு வண்ணம் என்பதையும் விட்டுவிடுங்கள்.

வரைகிற முறை: 1 சென்டிமீட்டருக்கு 1 கிலோமீட்டர் என்று வையுங்கள். பாலிங்கிலிருந்து ஜெலி வரை குறுக்கே சுமார் 100 கிலோமீட்டர், அது 4 அடி அகலத்துக்குள் அடங்கும். சுங்கை சிப்புட்டிலிருந்து பெத்தோங் வரை நெடுக்கே 105 கிலோமீட்டர் சொச்சம், மீதி இரண்டடி குறிப்புகளுக்கு. முதலில் ஆறுகளை வரையுங்கள்: பேராக் ஆறு, பிளஸ், பியா, தெமெங்கோர் ஏரி. பிறகு சாலைகள், கூட்டரசு சாலை 76, 4. எல்லைக்கோட்டைக் கடைசியில், மெல்லிய புள்ளிக்கோடாக. ஊர்களுக்குப் பொட்டு வையுங்கள். உள்வட்டம் வீட்டு மொழி, வெளிவட்டம் அந்த ஊரில் புழங்குகிற மற்ற மொழிகள். பரப்பை வண்ணம் தீட்டினால் ஆளில்லாத காடெல்லாம் யாருக்கோ சொந்தமான மாதிரி தெரியும். அதோடு, பரப்பில் பார்த்தால் கென்சியூ, கின்தாக் போன்ற சிறு குழுக்கள் காணாமலே போய்விடும்.

ஏரியை இன்றைய வடிவில் வரையும்போது ஒரு குறிப்பு போடுங்கள். 1970களில் தெமெங்கோர் அணை கட்டியபோது ஆற்றோரக் குடியிருப்புகள் மூழ்கின. ஜஹாயும் தெமியாரும் மறுகுடியமர்த்தப்பட்ட இடங்கள்தான் பானுனும் கெமாரும். ஆர்.பி.எஸ். என்றால் அந்தத் திட்டம்தான். நீங்கள் பொட்டு வைக்கிற இடம் பல குடும்பங்களுக்குப் பூர்வீக ஆறு அல்ல.

---

ரெமான்_ரோடு:

அண்ணன் அஸ்லி பக்கத்தை நன்றாகச் சொல்லிவிட்டார். மலாய்க்காரர்களுக்கு 'ஒரே வண்ணம்' என்றீர்கள் பாருங்கள் டீச்சர், அங்கேயும் அதே தவறு வரும்.

கிரிக், குரோ (இன்றைய பெங்காலான் ஹுலு), கிளியான் இந்தான் எல்லாம் 1909 வரைக்கும் பேராவோடு இல்லை. பத்தானியிலிருந்து (இன்றைய தென் தாய்லாந்தில் இருந்த மலாய் அரசு) பிரிந்த ரெமான் என்ற சிற்றரசின் கீழ், சயாமின் மேலாண்மையில் இருந்தன. 1909 பாங்காக் உடன்படிக்கையில் கோடு கிழித்தபோது ரெமானின் தென்பகுதி பேராவுக்கு வந்தது, பெத்தோங் சயாமோடு நின்றது. அதனால்தான் உலு பேரா மலாய்ப் பேச்சு கோலகங்சார் பேச்சோடு ஒட்டாமல் பத்தானி, கிளந்தான் பேச்சோடு ஒட்டுகிறது. பாலிங், சீக் பக்கமும் இந்த வகைப் பேச்சைக் கேட்கலாம்.

பிள்ளைகளுக்குக் காதில் விழுகிற மாதிரி நாலு சொல் போதும். 'மாக்கான்' என்பது அங்கே 'மாக்கே', 'ஈக்கான்' 'ஈக்கே', 'மாலாம்' 'மாலே'. சொல் கடைசியில் வரும் ன், ம் விழுந்து உயிரெழுத்து மாறும். 'பானாஸ்' 'பானா' மாதிரி ஒலிக்கும், கடைசி ஸ் வெறும் மூச்சுக் காற்றாகிவிடும். 'ஆப்பா' அங்கே 'ஆப்போ', கோலகங்சாரில் 'ஆப்பே'. சாலை 76இல் வடக்கே போகப் போக எந்த ஊரில் 'ஏ' போய் 'ஓ' வருகிறது என்று குறித்தாலே ஒரு நல்ல பலகை கிடைத்துவிடும். பள்ளிக்கூடத்து ஆட்களிடம் கேட்காதீர்கள். பிள்ளைகளைக் கண்டதும் பாடநூல் மலாய்க்கு மாறிவிடுவார்கள். சந்தையில் மீன் விற்பவர் பக்கத்தில் நின்று கேட்டால் அசல் பேச்சு கிடைக்கும்.

சயாமியர்களைத் 'தாய்லாந்துக்காரர்' என்று எழுதிவிடாதீர்கள். கெடா, பெர்லிஸ், கிளந்தான், வட பேராவில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற மலேசியர்கள் அவர்கள். வீட்டில் பேசுவது பெரும்பாலும் தென் தாய் வழக்கு. தொனி பாங்காக் வழக்கிலிருந்து வேறுபடும், சொற்களும் குறுகும். தும்பாட் பக்கத்துக் கிளந்தான் சயாமியர் பேசுவது தாக் பாய் வழக்கு என்ற இன்னொரு வகை. அதனால் இணையத்தில் கிடைக்கிற பாங்காக் ஒலிப்பதிவை எடுத்து உங்கள் பெட்டியில் போட்டால் தெரிந்தவர் சிரிப்பார்.

பெத்தோங்கில் சீனர்கள் அதிகம், அதிலும் தென் சீனாவின் குவாங்சி வழி வந்தவர்கள் கணிசம். மலேசியாவில் ஹொக்கியன், கண்டனீஸ் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தப் பேச்சு புதிதாக இருக்கும். 1989 டிசம்பர் 2 ஹட்யாய் அமைதி உடன்பாட்டுக்குப் பிறகு மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னாள் போராளிகளுக்கு அந்தப் பக்கம் குடியிருப்புக் கிராமங்கள் கொடுக்கப்பட்டன. அவர்கள் தோண்டிய பியாமிட் சுரங்கம் இப்போது சுற்றுலா இடம். அங்கே மண்டரின் தாராளமாகப் புழங்கும். உங்கள் வெளிவட்டத்தில் பெத்தோங்குக்கு மட்டும் குறைந்தது நான்கு கோடு வேண்டும்: தாய், பத்தானி மலாய், குவாங்சி, மண்டரின்.

---

வேவ்_கோப்பு:

சொல் சேகரிப்பு பற்றி. பிள்ளைகள் செய்யலாம், ஆனால் 100 சொல் அதிகம். ஒரு ஆளிடம் 100 சொல்லை ஒழுங்காகப் பதிய ஒன்றரை மணி நேரம் ஆகும். பாதியிலேயே பேசுகிறவரும் களைத்துவிடுவார், பிள்ளைகளும் கலைந்துவிடுவார்கள். 40 எடுங்கள். உடல் உறுப்பு 12, தண்ணீர், நெருப்பு, மழை மாதிரி 8, காட்டு உயிர்கள் 8, வினைச்சொல் 12. வழக்கமான ஆய்வுப் பட்டியல்களில் இருக்கிற பனி, பனிக்கட்டி எல்லாம் வேண்டாம். எண்களும் மூன்றுக்கு மேல் வேண்டாம். தெமியார், செமாய் மொழிகளில் அதற்கு மேல் மலாய் எண்கள்தான் வரும்.

மலாயில் சொல்லைச் சொல்லி 'உங்கள் மொழியில் என்ன?' என்று கேட்டால் மலாய்ச் சொல்லே சற்று மாறித் திரும்பி வரும். பொருளைக் காட்டிக் கேளுங்கள், படமும் பயன்படும். ஆனால் பறவைக்குப் படம் காட்டினால் இனப்பெயர் வரும், 'பறவை' என்ற பொதுச்சொல் வராது. அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூட்டமாக உட்கார்ந்து கேட்காதீர்கள். முதலில் சொன்னவரை மற்றவர்கள் ஒப்பிப்பார்கள். ஒரு ஆள், ஒரு பிள்ளை கேட்க, ஒரு பிள்ளை கைப்பேசி பிடிக்க, அவ்வளவுதான்.

பதிவு: கைப்பேசியை விமான நிலையில் போடுங்கள். இல்லையென்றால் நடுவில் வாட்ஸ்அப் மணி அடிக்கும். வேவ் வகைக் கோப்பு, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம். நிமிடத்துக்கு 5 எம்.பி. சொச்சம்தான். வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேருக்கு நேர் வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில். நேரே வைத்தால் 'ப்', 'த்' வரும்போது காற்று மோதிப் பதிவு வெடிக்கும். ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை, நடுவில் ஒரு மூச்சு இடைவெளி. தகரக் கூரையின் கீழ் மழை நேரத்தில் பதியவே வேண்டாம், எந்த மென்பொருளாலும் அந்தச் சத்தத்தைப் பிரிக்க முடியாது. பதிந்ததை வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பினால் சுருக்கப்பட்டு, சொல் இறுதி மெய்களே மங்கிப்போகும். கோப்பாக இணைத்து அனுப்புங்கள்.

எழுதுவதில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுவார்கள். தெமியாரில் சொல் க், ட் என்று முடியும்போது காற்று வெளியே வராமல் உள்ளேயே நிற்கும். தமிழ்ப் பிள்ளைகள் கூடவே ஒரு 'உ' சேர்த்துவிடுவார்கள், 'தீக்' என்பது 'தீக்கு' ஆகிவிடும். தொண்டை அடைப்பு ஒலியையும் க் ஒலியையும் அந்த மொழி வேறு வேறாக வைத்திருக்கிறது. மலாய் எழுத்துமுறையில் இரண்டும் ஒரே எழுத்தாகிப் போகும். தொண்டை அடைப்புக்கு ஒரு மேற்கோள் குறி போடச் சொல்லுங்கள். தமிழ் எழுத்தில் ப, த, க வல்லொலியா (p, t, k) மெல்லொலியா (b, d, g) தெரியாது, மெல்லொலி என்றால் அடிக்கோடு. மூக்கால் வரும் உயிருக்கு மேலே ஒரு அலைக்கோடு. ஆனால் நமக்கும் ஒரு லாபம் உண்டு. தெமியாரில் குறில் நெடில் வேறுபாடு இருக்கிறது, மலாய் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை, நம் எழுத்தில் தானாகவே வந்துவிடும்.

ஜஹாய் ஊருக்கு வாய்ப்புக் கிடைத்தால் வாசனைச் சொற்களைக் கேளுங்கள். ஒரு டசன் அளவுக்கு வாசனைக்கென்றே தனிச் சொற்கள் உண்டு, 'இன்ன பொருளின் மணம்' என்று சுற்றி வளைக்கிற சொற்கள் அல்ல. 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஜஹாய் பேசுபவர்கள் நிறத்தைச் சொல்கிற அதே சுலபத்தோடு வாசனையையும் பெயரிட்டார்கள், ஆங்கிலம் பேசுபவர்கள் தடுமாறினார்கள். கண்காட்சியில் நாலு மூடி போட்ட டப்பா வைத்து வருகிறவர்களை முகர்ந்து பெயர் சொல்லச் சொன்னால் கூட்டம் நகராது.

ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு துண்டுச் சீட்டு: பிறந்த ஊர், அம்மா மொழி, அப்பா மொழி, துணைவர் மொழி, வேறு எங்கெல்லாம் குடியிருந்தார். பெயர் கட்டாயம் இல்லை, எண் போதும். மாமனார் மாமியார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு இந்தக் குழுக்களில் பலவற்றில் உண்டு. குடும்ப மரம் வரைகிறோம் என்று பிள்ளைகள் வற்புறுத்தக் கூடாது.

---

தோட்டத்து_டீச்சர்:

மிக்க நன்றி. மூன்று வண்ணத் திட்டம் குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது. அனுமதி பற்றியும், அந்தத் தமிழ்ச்சொல் விஷயம் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது. பெற்றோர் சொல்லும் முக்கிய ஆதாரம், கண்ணுக்குத் தெமியாரில் 'மாட்', அது மலாய் 'மாதா', மலாய் தமிழிலிருந்து வந்தது என்பது.

---

உலு_பேரா:

பெற்றோரிடம் பதமாகச் சொல்லுங்கள். கண்ணுக்கு வியட்நாமியத்தில் 'மாத்', காசியில் 'க்மாத்', சந்தாலியில் 'மெத்'. எல்லாம் ஒரே குடும்பம், தெமியார் 'மாட்' அங்கேதான் சேரும். மலாய் 'மாதா' ஆஸ்ட்ரோனேசியச் சொல், பிலிப்பீன்ஸ் வரைக்கும் அதுவேதான். இரண்டும் ஒத்திருப்பதை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஒரு சொல் ஒத்துப்போனால் நம்பாதீர்கள், வரிசையாக ஒத்துப்போனால் கவனியுங்கள். கை என்பதற்குத் தெமியார் 'தீக்', சந்தாலி 'தி', காசி 'க்தி', வியட்நாமியம் 'தாய்', கெமர் 'டை'. மலாய் 'தாங்ஙான்' இந்த வரிசையில் ஒட்டவே ஒட்டாது. கண்ணையும் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு அட்டை போடுங்கள், பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

தமிழ்ச் சொற்கள் அறவே இல்லை என்றும் இல்லை. மலாயில் கப்பல் 'காப்பால்', கடை 'கெடாய்', பெட்டி 'பெத்தி' என்று போயிருக்கிறது. அஸ்லி ஊர்களில் இவை கேட்டால் மலாய் வழியாக வந்தவை. 'இரண்டு கை மாறிய சொற்கள்' என்று தலைப்பிட்டு மூன்றையும் ஓரத்தில் போட்டுவிடுங்கள், பெற்றோருக்கும் மனக்குறை இருக்காது.

'சக்காய்' என்ற சொல் தோட்டத்து வழக்கில் இன்னும் ஓடுகிறது. பலகையிலும் வரக்கூடாது, பிள்ளைகள் வாயிலும் வரக்கூடாது. அவர்களுக்கு அது வசைச்சொல். தாய்லாந்துப் பலகைகளில் அதே சொல்லைக் கண்டாலும் எடுத்தெழுதாதீர்கள்.

---

ரெமான்_ரோடு:

அனுமதி: ஓராங் அஸ்லி ஊருக்குள் பள்ளிக் கூட்டமாகப் போவதென்றால் ஜக்கோவா மாவட்ட அலுவலகத்துக்கு முன்கூட்டியே கடிதம், நகல் ஊர் பாத்தினுக்கு (ஊர்த்தலைவர்), மாவட்டக் கல்வி இலாகா அனுமதி தனி. கடிதத்தில் ஒலிப்பதிவு என்று எழுதாமல் 'வருகை' என்று மட்டும் எழுதினால் அங்கே போய்க் கைப்பேசியை எடுத்ததும் சிக்கல். பதிவு எதற்கு, யார் கேட்பார்கள், இணையத்தில் போடுவீர்களா என்பதைப் பேசுகிறவரிடமே கேட்டு, அவர் பதிலையும் பதிந்துகொள்ளுங்கள். அவர் நேரத்துக்கு ஒரு தொகை கொடுங்கள், எவ்வளவு என்று பாத்தினிடம் பேசி முடிவு செய்யுங்கள். மிட்டாய் பாக்கெட்டோடு போய் நிற்பது மரியாதை இல்லை. பெலும் பூங்காவுக்குள் இருக்கிற சுங்கை தியாங்குக்குப் போவதென்றால் பேரா மாநிலப் பூங்காக் கழகத்தின் நுழைவு அனுமதி வேறு, பூலாவ் பண்டிங் படகுத்துறையிலிருந்து படகு வேறு. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது தேவையில்லை. தெமியார் மக்கள் வார இறுதியில் சுங்கை சிப்புட் பட்டணத்துக்கே சாமான் வாங்க வருகிறார்கள். ஒருவரை முறையாகப் பள்ளிக்கு அழைத்தால் உங்கள் 40 சொல் முடிந்தது.

போகிற பட்சத்தில் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை: நாயையோ குரங்கையோ பூச்சியையோ கேலி செய்து சிரிக்கக் கூடாது. மிருகங்களைக் கேலி செய்தால் இடியும் புயலும் வரும் என்பது ஜஹாய், தெமியார் உட்படப் பலரிடம் உறுதியான நம்பிக்கை. ரத்தம் குடிக்கும் அட்டைப்பூச்சியைக் கண்டு கூச்சல் போட்டுத் தீயில் சுடுகிற விளையாட்டெல்லாம் வேண்டாம்.

கிழக்குமேற்கு நெடுஞ்சாலையில் பொழுது சாய்ந்த பிறகு பேருந்து விடாதீர்கள், யானை நடமாட்டம் உண்டு. நவம்பர் முதல் ஜனவரி வரை மண்சரிவும் சேரும். பெத்தோங் போவதானால் ஆசிரியர், பிள்ளைகள் எல்லாருக்கும் கடப்பிதழ் வேண்டும். எல்லை பாஸ் எல்லை மாவட்டத்துக்காரர்களுக்குத்தான், சுங்கை சிப்புட் முகவரிக்குக் கிடைக்காது. அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். திரும்பி வரும்போது புக்கிட் பெராப்பிட் சாவடி மூடுகிற நேரத்தை மலேசிய நேரத்தில் கணக்குப் போடுங்கள்.

---

வேவ்_கோப்பு:

ஒன்று விட்டுப்போனது. பெட்டியில் பட்டனுக்குப் பக்கத்தில் 'தெமியார்' என்று மட்டும் எழுதாமல் 'தெமியார், இன்ன ஆற்றுப் பக்கம்' என்று எழுதுங்கள். பேராக் பக்கத்துத் தெமியார் பேச்சும் கிளந்தான் பக்கத்துப் பேச்சும் ஒன்றல்ல, பார்க்க வருகிற தெமியார்காரர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான். மூலக் கோப்புகளை ஒரு மெமரி கார்டில் போட்டு, பேசியவரிடம் கண்காட்சிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். தவறான இடத்தில் சொல் வெட்டப்பட்டிருந்தால் அவர்தான் கண்டுபிடிப்பார், திருத்தவும் உங்களுக்கு நாள் இருக்கும்.